நாலுக்கு மேல் போனால்

“பால் குடிக்கிறானா?” என்று கேட்டாள் நர்ஸ்.

“குடிக்கிறாங்க்கா. இப்பக்கூடக் குடிச்சான்,” என்றாள் தாய்.

நேற்று சாயங்காலத்திலிருந்து அவன் வாய் வைக்கவில்லை. பால் கட்டிய மார்பு கல்லாக வலித்தது. தோளில் கிடந்த துண்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

நர்ஸ் தாளில் ஒரு சைபர் போட்டாள்.

அந்தத் தாளில் ஒன்பது கேள்விகள். கெட்ட பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கூட்டுத்தொகை நாலுக்கு மேல் போனால் பிள்ளை பிழைப்பது கஷ்டம். உடனே உள் அறைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆக்சிஜன் அங்கேதான் இருந்தது, ஒரே ஒரு சிலிண்டர். அதற்காக இல்லாததையும் சேர்த்துச் சொல்லும் தாய்மார்கள் உண்டு.

ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கும் கருவிக்குப் பேட்டரி தீர்ந்து நாலு நாளாகிவிட்டது. தாய் வாயால் சொல்வதுதான் இப்போது எல்லாம்.

“வலிப்பு வந்துச்சா?”

“இல்லக்கா.”

பஸ்ஸில் இரண்டு தடவை அவன் கை வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து சீட்டுக்காரிக்குத் தெரியாமல் அதைத் தன் கைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தவள் அவள்.

பின்னால் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நின்ற பெரியவருக்குப் பொறுக்கவில்லை. “என்னம்மா, பரீட்சையா நடக்குது? கை விட்டுப்போச்சு எனக்கு.”

“இருங்க தாத்தா, உங்களுக்கும் ஒம்பது கேள்வி வச்சிருக்கேன். ஃபெயிலானா வீட்டுக்கு விடமாட்டேன்.”

வரிசை சிரித்தது. தாயும் சிரித்துவைத்தாள்.

“கூப்பிட்டா கண்ணத் தொறக்கிறானா? கூப்பிடு, பாப்போம்.”

அவள் துண்டுக்கடியில் கையை விட்டாள். அவன் தொடையைப் பிடித்துத் திருகினாள். இதை எப்படிச் சொல்வேன், சதை பிய்ந்துவிடும்போலத் திருகினாள். அப்புறம்தான் கூப்பிட்டாள்.

“ராசா… அக்காவப் பாருடா.”

இமை பாதி திறந்தது. ஒரு முனகல்.

“ரொம்பச் சோர்ந்திருக்கானே?”

“பஸ்ல தூங்கலக்கா. அதான்.”

நர்ஸின் பேனா ஒரு கணம் தாளைத் தொடாமல் நின்றது. நிமிர்ந்து வரிசையைப் பார்த்தாள். வாசல் வரைக்கும் நின்றார்கள்.

எழுதினாள். கூட்டினாள். காய்ச்சலுக்கு ஒன்று, மெலிந்த கைக்கு ஒன்று. இரண்டு.

“பயப்பட ஒண்ணுமில்ல. மருந்து வாங்கிக்க. மூணு நாள் கழிச்சுத் தூக்கிட்டு வா.”

கணவன் வெளியே செருப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

“உள்ள எடுத்துக்கலையே?”

“இல்ல.”

அவன் சுவரில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். “பொழச்சான்டி,” என்றான்.

போன மழைக்கு, இதே வரிசையில் மூத்தவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபோது, கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடிதான் சொன்னார்கள். ஆறு வந்தது. அந்த அறைக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். விடியும்போது அவளைப் போர்த்தியிருந்த துண்டு மட்டும்தான் தாயின் கைக்குத் திரும்பி வந்தது.