முதலில் பேப்பர் யாருக்கு

நாலாவது தடவையோடு லோகநாயகியின் கை மடியில் இறங்கிவிட்டது.

எதிர் நாற்காலியில் சுப்ரமணியன் நிறுத்தவில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று எண்ணிக்கொண்டே தூக்கினார். ஒன்பதில் மூச்சு முட்டியது. கையை இறக்கிவிட்டு மனைவியை முறைத்தார்.

“நாலுதானா?”

“நீங்கதான் ஜெயிச்சீங்க. பேப்பர் உங்களுக்கு” என்று அவள் சிரித்தாள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்த இரண்டாம் மாடி வீட்டில் தினமும் காலை ஆறரைக்கு நடக்கிற கூத்து இது. எதிரும் புதிருமாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆளுக்கொரு அரை லிட்டர் எவர்சில்வர் பாட்டில், நிறையத் தண்ணீர். அதை வலது கையில் பிடித்துத் தோளுக்கு மேலே தூக்க வேண்டும். முதலில் இறக்கியவர் தோற்றவர். ஜெயித்தவருக்குத்தான் பேப்பர் முதலில்.

வாதம் வந்து அவருடைய வலது பக்கம் விழுந்து ஏழு மாதம் ஆகிறது. பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த ஸ்நேகா என்ற பெண்தான் இந்த யோசனையைச் சொன்னாள்.

“சாரைத் தனியா விட்டா ஒரே வாரத்துல நிறுத்திடுவார் ஆன்ட்டி. நீங்களும் எதிர்ல உட்கார்ந்து பண்ணுங்க. நிறுத்திட்டா தோள் இறுகிப்போயிடும், அப்புறம் வரவே வராது.”

அந்தப் பெண்ணின் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். துவண்டு தொங்கிக்கொண்டிருந்த கை, பெண்டாட்டியோடு மல்லுக்கட்டியே ஒன்பது தடவை எழுகிற கையாகிவிட்டது. விரல்கள்தான் இன்னும் மடங்கியே கிடக்கின்றன, விரித்துப் பிடிக்க வரவில்லை. அதனால் பாட்டிலை ஒரு பட்டையால் கையோடு கட்டிக்கொள்வார். கொஞ்ச நாளாக அவளும் அப்படியே கட்டிக்கொள்கிறாள். போட்டி என்றால் சமமாக இருக்க வேண்டாமா என்றாள்.

முதலில் எல்லாம் அவள்தான் ஜெயித்தாள். இருபது தடவை, இருபத்தைந்து தடவை. பேப்பரை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவருக்கு அழகு காட்டுவாள். பிறகு பன்னிரண்டு ஆயிற்று. பிறகு எட்டு. இன்றைக்கு நாலு.

சுப்ரமணியன் முப்பத்தொரு வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவர். கால் சுளுக்கு சார், வயிற்றுவலி சார் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர். எந்தப் பிள்ளை நடிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். சொன்னதோடு விடமாட்டார், மைதானத்தை இன்னும் இரண்டு சுற்று ஓடவிடுவார்.

அப்படிப்பட்டவரிடமா இந்த விளையாட்டு?

“யாருக்கு விட்டுக்கொடுக்கறே? நான் என்ன எல்.கே.ஜி. பையனா? ஒழுங்காத் தூக்கு. இல்லேன்னா நாளைக்கு இந்தப் பாட்டில், பட்டை எல்லாத்தையும் ஜன்னல் வழியா வீசிடுவேன். எனக்குக் கையும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

சொன்னால் செய்கிற மனுஷன்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். பாட்டில் மார்பு வரைக்கும் வந்தது. அங்கே நின்று நடுங்கியது. மறுபடி மடியில் விழுந்தது.

“ஆகா, என்னா நடிப்பு! கப்பே குடுக்கலாம்.”

சொல்லிக்கொண்டே அவர் தன்னுடைய நல்ல கையை, இடது கையை நீட்டி, அவள் பாட்டிலைப் பிடித்து மேலே இழுத்தார். அரை லிட்டர் கனத்தை எதிர்பார்த்து இழுத்த இழுப்பில் அது விசுக்கென்று எழும்பியது. பட்டையில் கட்டியிருந்த அவள் கையும் கூடவே வந்தது. ஈரத்துண்டு மாதிரி வந்தது.

பாட்டிலை ஆட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை. இன்னொரு தடவை ஆட்டினார்.

உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

தாம்பரம் பக்கத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்துக்கொண்டு தலைக்கு மேலே போனது. அந்தச் சத்தம் அடங்கியதும் அவர் கேட்டார்.

“எப்போலேர்ந்து?”

“ரெண்டு மாசமாச்சு. உங்களுக்கு மாத்திரை வாங்கப் போனப்ப டாக்டர்கிட்ட நானும் கையைக் காட்டினேன். நரம்பு ஒண்ணொண்ணா செத்துக்கிட்டு வருதாம். இந்தக் கை, அப்புறம் அந்தக் கை, அப்புறம் காலாம்.” யாருக்கோ வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். “மருந்து கிடையாதாம். அதுக்குள்ள உங்க கை வந்துடணும்னுதான் பார்த்தேன். நான் படுத்துட்டா சோறு ஊட்ட ஒரு கையாவது வேணுமே இந்த வீட்டுல.”

அவர் அவளுடைய பட்டையைப் பிரித்தார். இடது கையாலேயே, மெதுவாக. பாட்டிலைத் தரையில் வைத்தபோது அது நிற்காமல் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. இருவரும் அதை எடுக்கக் குனியவில்லை.

“இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க” என்றாள் லோகநாயகி. “நைட்டியோட போக முடியாது.”

உள்ளே போய், வெகுநேரம் கழித்து வந்தாள். பாவாடை கட்டியிருந்தாள். ஜாக்கெட்டில் இரண்டு கைகளையும் எப்படியோ நுழைத்துவிட்டிருந்தாள். முன்பக்கம் திறந்து கிடந்தது. அவர் நாற்காலிக்கு எதிரே வந்து, அவருக்கு எட்டும்படி கொஞ்சம் குனிந்து நின்றாள்.

“இந்தக் கொக்கியை மட்டும் போட்டு விடறீங்களா?”

இடது கையால் ஜாக்கெட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மறுபக்கத்துக்கு வலது கையைத் தூக்கினார்.

அது எழுந்தது. ஒருவரும் எண்ணாமலே எழுந்தது. நடுக்கம்கூட இல்லை. நேராக அவள் நெஞ்சு வரைக்கும் போய், கொக்கியின்மேல் நின்றது.

விரல்கள் பிரியவில்லை.