எழுபத்தோராம் வருஷத்துக் கணக்கு

நெம்மேலிக் குப்பத்தில் பங்குனி வெயில் கடல்மேல் தூங்கி வழிகிறது. வாசலில் இருசப்பன் கிழிந்த வலையைப் பொத்துகிறான். ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த பாஷ்யம் வாத்தியார் அவனையும் அவன் மனைவி குப்பம்மாவையும் எழுதிக்கொண்டு, போன வாரம் கூடுவாஞ்சேரிப் புருஷனை விட்டு வந்துவிட்ட இருசப்பனின் தங்கை வச்சலாவைப் பார்க்கிறார். "இவங்க விருந்தாளியா?" வச்சலா அண்ணனைப் பார்க்கிறாள். இரு என்றோ போ என்றோ அண்ணன் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலைக்கண்களின் நிழல் அவள் பாதத்தில் அலையாய் அசைகிறது. தூரத்தில் ஒரு கட்டுமரம் மணலில் உரசி ஏறுகிறது. இருசப்பன் தலை நிமிரவில்லை. "போன தபா எண்ணும்போது இந்த வூட்லதான் இருந்தா. இப்பவும் இங்கதான் கீறா. எய்திக்க சார்." குப்பம்மாவும், "ஆமா சார்" என்கிறாள். வச்சலா மெல்ல உள்ளே போய், வந்த நாளிலிருந்து பிரிக்காமல் வைத்திருந்த துணிமூட்டையை அவிழ்க்கிறாள்.