அழுத்திய கை

சிறந்த ஊழியர் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த பித்தளைக் கேடயத்தைத் தம்பியிடம் காட்டத்தான் முகாம்காரர் நேராக அவனுடைய கண்ணாடிக் கடைக்கு வந்தார். தெருத்தெருவாக மருத்துவ முகாம் போட்டே அவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கடைக்குள் தம்பி மல்லாந்து கிடந்தான். சட்டையெல்லாம் ரத்தம். எதிர்வீட்டுத் தையல்காரி அவன்மேல் கவிழ்ந்து, கழுத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பக்கத்தில் உடைந்த கண்ணாடித் துண்டு.

"அடிப்பாவி! என் தம்பியையா கொல்றே?"

அவள் வாய் திறப்பதற்குள் கேடயம் தாடையில் இறங்கியது. பல் தெறித்து விழுந்தது. முதுகில் ஓங்கி மிதித்தார்.

"கையை எடுடி!"

அவள் எடுக்கவில்லை. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். அப்போதுதான் அவள் பிடி விட்டது.

தம்பியின் கழுத்திலிருந்து ரத்தம் பீய்ச்சியடித்தது.

"சார்..." உடைந்த வாயால் குழறினாள். "நீங்கதானே முகாம்ல சொல்லிக் குடுத்தீங்க? ரத்தம் பீறிட்டா அழுத்திப் பிடிக்கணும், என்ன ஆனாலும் கையை எடுக்கக் கூடாதுன்னு?"

முகாம்களில் அதைச் சொல்லிக் கொடுத்ததற்குத்தான் அந்த விருதே. கேடயத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து தம்பியின் கழுத்தை அழுத்தினார்.

"ஓடும்மா! ஆம்புலன்ஸைக் கூப்பிடு!"

தையல்காரி தட்டுத்தடுமாறி வெளியே ஓடினாள். அதே நேரம் பின்வாசல் வழியாகத் தம்பியின் மனைவி உள்ளே வந்தாள். புருஷன் கழுத்தில் அவர் கைகளைப் பார்த்தாள். கீழே கிடந்த கேடயத்தை எடுத்தாள்.

"கூடப் பிறந்தவனையே கொல்றீங்களா மாமா? கையை எடுங்க!"

"இல்லம்மா, நான்..."

கேடயம் மண்டையில் இறங்கியது. கண் இருட்டியது. மறுபடியும் இறங்கியது.

முகாம்காரர் கையை எடுக்கவில்லை.