மா தீடாவுக்கு விடுதலைக் கடிதம்

"செத்துப்போனவங்க எப்படிம்மா வேலைக்கு வருவாங்க?"

பொது நிதி அலுவலகத்திலிருந்து வந்த கார்த்திகேசன் குரலை உயர்த்தினான். லத்தா பேட்டையின் பழைய கட்டடத்தில் மூன்று மாடி ஏறிவந்த எரிச்சல் வேறு.

"வர்றாளே தம்பி. காலைல வந்துட்டுப் போயிட்டா. பத்து மணிக்கு மருந்து குடுக்க மறுபடி வருவா" என்றாள் அம்சவேணி. பார்வை போய் ஆறு வருஷம். ஒண்டிக்கட்டை.

அவளைப் போன்றவர்கள் தங்களுக்குப் பிடித்த ஆளை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். சம்பளம் பொது நிதி தரும். அப்படி அவள் வைத்தவள்தான் மா தீடா என்ற பர்மியப் பெண். அவள் காய்ச்சலில் போய் மூன்று மாதமாகிறது. அம்சவேணி வேறு ஆளும் கேட்கவில்லை, சம்பளமும் வாங்கவில்லை.

"ஆவிக்குச் சம்பளம் எதுக்கு?" என்று சிரித்தாள்.

கார்த்திகேசனுக்குச் சிரிப்பு வரவில்லை. தரை பளிச்சென்று இருந்தது. அம்சவேணியின் கன்னத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து இன்னும் ஈரமாக இருந்தது.

வேலையில் இருப்பவர் செத்தால், வேலைக்கு வைத்தவர் 'உன்னை விடுவித்தாயிற்று' என்று கடிதம் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஆவி வேலைக்கு வந்துகொண்டே இருக்கும் என்பார்கள் இந்த ஊரில். படித்தவன்தான், ஆனாலும் அவனே அவசரமாக ஒரு கடிதம் எழுதினான்.

"கைநாட்டு வைங்கம்மா. அவங்க நிம்மதியாப் போகட்டும். வேற ஆள் பேரு குடுங்க, உடனே போட்டுடலாம்."

"மாட்டேன்."

"அப்ப உதவிப் பட்டியல்லேருந்து உங்க பேரை அடிச்சுருவாங்க. அப்புறம் யாரு பாத்துப்பா?"

"ஷ்! வந்துட்டா. ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பா, பாவம்."

படியில் செருப்பு தேயும் சத்தம். சரக்... சரக்... வாசல்வரை வந்து நின்றது. கதவு மெல்லத் திறந்தது.

கீழ்வீட்டுச் சத்யபாமா! சற்றுமுன் அவளிடம்தான் வழி கேட்டான். "அவளோட பேசிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. இருந்தா எனக்கென்ன, செத்தா எனக்கென்ன?" என்று கதவைச் சாத்தியவள்.

இப்போது அவனைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். மருந்தைப் புகட்டி, வாயைத் துடைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அப்படியே இழுத்து இழுத்துப் போனாள்.

சத்தம் படியிறங்கித் தேயும்வரை அம்சவேணி காத்திருந்தாள். பிறகு கடிதத்தைத் தடவி எடுத்து, நான்காய் மடித்து, அவன் கையிலேயே திணித்தாள்.

"மா தீடாவுக்கு விடுதலை குடுத்துட்டா, நாளைக்கு இந்தக் கீழ்வீட்டு வீம்புக்காரி எந்தச் சாக்குல தம்பி மேல ஏறி வருவா?"