இதர விவரங்கள்

"பொன்னுரங்கத்துக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா? நர்ஸ் ஊசியோடு நிற்கிறார்!" என்று ஆஸ்பத்திரிக் கணினியின் நோயாளிகள் அட்டவணைக்குள் ஓடிவந்தது தேடல்.

"என்னிடம்தான் இருக்கிறது" என்றேன். நான் 'இதர விவரங்கள்' என்ற கடைசிக் கட்டம். எதைக் கொடுத்தாலும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துக்கொள்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மூட்டையைப் பிரித்தேன். கண்ணாடியின் பவர் வந்தது. மைத்துனரின் முகவரி வந்தது. ஜன்னலோரக் கட்டில் வேண்டும் என்ற விண்ணப்பமும் வந்தது.

"என்னைக் கேட்டால் ஐம்பத்தெட்டு என்பேன், வேலை முடிந்தது அண்ணே" என்றது பக்கத்துக் கட்டமான வயது.

"அவரையே எழுப்பிக் கேட்டுவிட்டார்கள், ஒத்துக்கொள்ளாதாம்" என்று சொல்லிவிட்டுத் தேடல் கிளம்பியது.

"கிடைத்துவிட்டது, ஒத்துக்கொள்ளாது!" என்று அதன் முதுகைப் பார்த்துக் கத்தினேன்.

வயது சற்றுத் தள்ளி உட்கார்ந்து, எங்கள் நடுவே 'ஒவ்வாமை' என்ற இன்னொரு கட்டத்துக்கு இடம் விட்டது.