இரண்டாவது கியரில் ஒரு குலுக்கல்

“சுத்தமா குலுக்கலே இல்லையேம்மா. இன்னும் என்ன குறை?”

பின் சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மெக்கானிக் கேட்டார். பத்து நாளில் இது மூன்றாவது முறை. டீச்சர் புகாரோடு வருவதும், அவர் வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் போய் எதையோ தட்டித் திருத்துவதுமாக இருந்தது.

பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பதினோரு வருடம் உழைத்து ஓய்ந்துவிட்டது. காரை விற்க மனமில்லாமல், நான்கு கியர் இருந்த இடத்தில் ஆறு கியர் பெட்டியை ஏற்றினார்கள். ஏற்றினால் மட்டும் போதாதாம். எந்த வேகத்தில் கியர் மாற வேண்டும், மாறும்போது எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தில் பாய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அந்த வித்தையில் மெக்கானிக் புலி.

“எனக்கு நல்லாத்தான் இருக்கு,” என்றார் ஓட்டிக்கொண்டிருந்த கணவர்.

அவர் பேச்சில் மகா கஞ்சன். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் தேறினால் அதிகம். ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. இன்னொரு கை கியர் லிவரைத் தொட்டது, மடிக்கு வந்தது, இருப்புக்கொள்ளாமல் மறுபடி லிவருக்கே போனது.

“ஒண்ணுல இருந்து ரெண்டாவது கியருக்குப் போகும்போதுதான் சரியா இல்லை,” என்றார் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர்.

“பழசுல அந்த இடத்துலதாம்மா ஆளையே தூக்கிப் போடும். இப்பப் பாருங்க, பூ மேல பூ விழுற மாதிரி விழுது.”

“அதைத்தான் சொல்றேன்.”

மெக்கானிக்குக் குழப்பம். இருந்தாலும் தொழில் மானம் விடவில்லை. அழுத்தத்தை இன்னும் ஒரு நூல் குறைத்தார். அடுத்த சிக்னல் தாண்டியபோது கியர் மாறியதா என்பதே தெரியவில்லை. டீச்சரின் முகம் தொங்கிப்போயிற்று.

“இன்னும் சரியாகலையா?” என்று கேட்டார் கணவர்.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பை ஒரே பார்வையில் அடக்குகிறவருக்கு, மனதில் இருந்ததைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் பள்ளியிலிருந்து நடந்தே பட்டறைக்கு வந்தார். ஒரு வேனுக்கு அடியிலிருந்து மெக்கானிக் நகர்ந்து வெளியே வந்தார். டீச்சருக்குப் பின்னால் கார் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

“கார் அவர்கிட்ட இருக்கு. நான் வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம்.”

மெக்கானிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீச்சர் உட்காரவில்லை.

“அந்தப் பழைய குலுக்கலைத் திருப்பி வைக்க முடியுமா? ரெண்டாவது கியர்ல மட்டும். பெட்டி கெட்டுப்போகாத அளவுக்கு, லேசா.”

மெக்கானிக் குனிந்து கைத்துணியில் விரல் விரலாகத் துடைத்தார். சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது. கிண்டல் செய்யப் போகிறார் என்றுதான் டீச்சருக்குத் தோன்றியது.

“எதுக்கும்மா?” என்றார், நிமிராமலே.

வந்தது வந்தாயிற்று. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

“வண்டி அப்படித் தூக்கிப் போடும்போதெல்லாம் அவர் சட்டுனு கையை நீட்டி என்னைப் பிடிச்சுக்குவார். பதினோரு வருஷமா அப்படித்தான். வாயைத் திறந்து அன்பா ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷன். எனக்குன்னு இருந்தது அந்தக் கை ஒண்ணுதான். இப்ப குலுங்கவே மாட்டேங்குது, அவர் எதுக்குப் பிடிக்கப்போறார்?”

சொல்லி முடித்ததும் காது மடல் சுட்டது. யாராவது கேட்டிருப்பார்களோ என்று வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

மெக்கானிக் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“அதைக் காலையிலேயே வச்சாச்சும்மா, சார் வந்து கேட்டாரு.”