நடந்து காட்டியவள்

செண்பகவல்லிக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ். நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துவிடும் நோய். சில மாதம் ஆளைக் கிடத்திப் போடும். சில வாரம் ஒன்றுமே நடக்காததுபோல விட்டுவிடும். அப்படி விட்டிருந்த ஒரு வாரத்தில்தான் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான முகாம் வந்தது. சான்றிதழ் இருந்தால்தான் அவளுடைய அங்கன்வாடி வேலையை வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றித் தருவார்கள்.

"அந்தச் சுவர் வரைக்கும் நடங்கம்மா" என்றார் டாக்டர்.

நடந்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு கால்கள் சொன்னபடி கேட்டன. சுவரைத் தொட்டுத் திரும்பும்போது தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள்.

"நல்லாத்தானே நடக்கீங்க." ஸ்கேன் உறையைப் பிரிக்காமலே டாக்டர் திருப்பிக் கொடுத்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் கணவன் இசக்கிராஜ் பல்லைக் கடித்தான். "கொஞ்சம் காலை இழுத்து நடந்தா என்னளா? சிரிப்பு வேற."

சிரித்தது அவளுக்கே குற்றமாகப் பட்டது.

மாடிப்படியில் இறங்கும்போது இடது கால் சட்டென்று இல்லாமல் போனது. சரிந்து விழுந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. தூக்கிவிடக் குனிந்த இசக்கிராஜ் பாதியிலேயே நிமிர்ந்தான். பல நாட்களுக்குப் பிறகு அவன் முகம் தெளிந்திருந்தது.

"அப்படியே இரு. எந்திரிச்சிராத. டாக்டரக் கூட்டிட்டு வாரேன்."

இரண்டிரண்டு படியாகத் தாவி அவன் மேலே ஓடினான். செண்பகவல்லி கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, அவன் திரும்பி வருவதற்குள் எழுந்துவிடப் பார்த்தாள்.